18 நாள், 9 நேஷனல் பார்க், 30 அடி ஆர்வி: சரிப்பட்டு வருமா?

கேள்வி: 11 ஜனவரி 2025

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். நாங்கள் இருவர், 9 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா (70, 66). ஜூன் 14 அன்று லாஸ் வேகஸில் 30 அடி ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, 18 நாளில் ஸயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேனியன்லாண்ட்ஸ், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் பார்த்துவிட்டு, டெத் வேலி வழியாக வேகஸ் திரும்ப எண்ணம். ஜிபிஎஸ் கணக்குப்படி சராசரியாக நாளுக்கு மூன்று மணி நேர ஓட்டம்தான். இதுவரை ஆர்வி ஓட்டியதில்லை. நடக்கிற காரியமா?

பதில்: 11 ஜனவரி, இரவு

வண்டி ஓடி முடித்துவிடும். உங்கள் அப்பா அம்மா தாங்குவார்களா என்பதுதான் என் கவலை.

2019 ஜூனில் ஃபீனிக்ஸில் 30 அடி வண்டி எடுத்து இதே மாதிரி ஒரு பட்டியலோடு கிளம்பினோம். என் அப்பா, அம்மா, கணவர், மகன், நான். 16 நாள், ஏழு பார்க். கிராண்ட் கேனியனில் இரண்டு மணி நேரம் நின்றோம். மதுரையிலிருந்து வந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய பள்ளத்தைக் காட்டிவிட்டு, "வாங்கப்பா, இருட்டுறதுக்குள்ள போகணும்" என்று கிளப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

முதலில் வண்டியின் நீளத்தை முடிவு செய்யுங்கள். எந்தப் பாதை உங்களுக்கு உண்டு, எது கிடையாது என்பதை அதுதான் சொல்லும். ஸயானின் கிழக்கு வாசலுக்குப் போகும் மலைக் குகைப்பாதை 1930-இல் திறந்தது. 1.1 மைல் நீளம், அந்தக் காலத்து வண்டி அளவு. வாடகை ஆர்வி பெரும்பாலும் 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம் இருக்கும். அப்படியிருந்தால் எதிர்ப்பக்கம் வண்டிகளை நிறுத்தி, நடு ரோட்டில் உங்களை விடுவார்கள். அதற்கு 15 டாலர். 2019-இல் காசு பிரச்சினையாக இல்லை, காத்திருந்ததுதான் சிரமம். வெளியே வெயில், உள்ளே அம்மாவுக்குத் தலைவலி.

கிளேசியரில் கோயிங் டு தி சன் ரோட்டில் 21 அடிக்கு மேல் விடவே மாட்டார்கள். டீட்டனில் மூஸ்-வில்சன் ரோட்டில் ஆர்விக்கு இடமில்லை. 30 அடி வேண்டாம். 25 போதும்.

12 ஜனவரி

மூன்று மணி நேரக் கணக்கைப் பற்றி. ஜிபிஎஸ் காருக்குச் சொல்லும் நேரத்தை நான் ஆர்விக்கு ஒன்றேகால் மடங்காக எடுத்துக்கொள்வேன். மலை இருந்தால் ஒன்றரை. பெட்ரோல் போட இருபது நிமிஷம், பாத்ரூம், டீ, பின்னால் ஏதோ உருண்டது என்று நிறுத்திப் பார்ப்பது என்று மூன்று மணி ஐந்தாகிவிடும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆர்விதான் உங்கள் வீடு, உங்கள் காரும் அதுதான். காலையில் பார்க்குக்குள் சுற்றக் கிளம்பினாலும் கரண்ட் வயரைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, பாத்திரங்களை உள்ளே வைத்துப் பூட்டி, அம்மாவின் மாத்திரை டப்பா உருளாமல் பார்த்து, அப்புறம்தான் சாவியைத் திருப்ப முடியும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தினம் இடம் மாறினால் தினம் இந்த வேலை இரண்டு முறை. ஒரே இடத்தில் மூன்று ராத்திரி தங்கினால்தான் நடுவில் ஒரு நாள் வண்டியைத் தொடாமல் இருக்கலாம். அந்த நாள்தான் பெரியவர்களுக்குப் பிடிக்கும். 2019-இல் அப்படி ஒரு நாள்கூட வைக்கவில்லை.

அதனால் மைல் கணக்கை மூடி வையுங்கள். 18 நாள் என்றால் 17 ராத்திரி. அவற்றை எங்கெங்கே வைப்பது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரோடு தானாக வந்து சேரும்.

12 ஜனவரி, சற்று நேரம் கழித்து

டெத் வேலியை அடித்துவிடுங்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. ஜூன் கடைசியில் சாதாரணமாகவே 45-ஐத் தாண்டும். கோடைக்காலத்தில் தங்கள் வண்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சில வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருப்பார்கள். மீறிப் போய் வண்டி நின்றால் இழுத்து வரும் செலவு உங்கள் தலையில். குளிர்காலத்தில் காரில் போய்ப் பாருங்கள், அருமையான இடம்.

14 ஜனவரி

ஒரு திருத்தம். கிளேசியர் ரோட்டில் 21 அடிக்கு மேல் "விடவே மாட்டார்கள்" என்று எழுதினேன். சரியில்லை. தடை நடுப்பகுதிக்குத்தான்: மேற்கே அவலாஞ்ச் க்ரீக், கிழக்கே ரைசிங் சன், இந்த இரண்டுக்கும் இடையில். அதுவரை இரு பக்கமும் ஆர்வி போகலாம். பம்பரையும் சேர்த்து 21 அடி, கண்ணாடியையும் சேர்த்து 8 அடி அகலம். அகலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 அடி உயரத்துக்கு மேல் இருந்தால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் இடிக்கும் என்றும் எச்சரிக்கிறார்கள்.

நடுப்பகுதியைப் பார்க்க கிழக்கு வாசலான செயின்ட் மேரியிலிருந்து பார்க் பஸ் லோகன் பாஸ் கணவாய் வரை போகிறது, 6,646 அடி உயரம். காசு கொடுத்தால் சிவப்பு பஸ். 1930-களில் செய்த பஸ்கள், துணிக்கூரை, 33 வண்டி. 2023-இல் அப்பா அம்மாவை அதில்தான் ஏற்றினோம். கூரையைச் சுருட்டிவிட்டார்கள். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வழி முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டி ஓட்டும் கவலை இல்லாமல் நானும் அன்றைக்குத்தான் மலையைப் பார்த்தேன்.

19 ஜனவரி

தேதி விஷயத்தை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பார்க்குக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பு புக்கிங் திறக்கும். மவுண்டன் நேரம் காலை 8 மணி, உங்களுக்கு 9. சில நிமிஷத்தில் நல்ல இடங்கள் போய்விடும். ஜூன் 14-க்கு டிசம்பர் 14-லேயே திறந்து முடிந்துவிட்டது. இன்றைக்குத் திறப்பது ஜூலை 19.

பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகஸ்ட் நடுவில்தானே? ஜூலை 20-ஐ ஒட்டிக் கிளம்ப முடிந்தால் செயின்ட் மேரிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஜூலை கடைசியில் ஸயானும், ஆர்ச்சஸ் பக்கத்து ஊரான மோவாபும் 38 டிகிரிக்கு மேல் போகும். 70 வயது அப்பாவை அந்த வெயிலில் நடக்கவைக்க வேண்டாம். ஸயான் முதல் கேனியன்லாண்ட்ஸ் வரை யூட்டா மாநிலத்தின் ஐந்தையும் இன்னொரு வசந்தத்துக்குத் தள்ளிவிட்டு வடக்கே மட்டும் போனால் என்ன? சால்ட் லேக் சிட்டியில் வண்டி எடுங்கள். டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர். மூன்றே பார்க்.

ஒன்பதில் ஆறைக் கழிக்கச் சொல்கிறேன், தெரியும். ஆனால் வேகஸ் வட்டம் 2,800 மைலுக்குக் குறையாது, இது 1,800-க்குள் முடியும். காலனுக்கு 9 மைல் என்று வைத்தால் 200 காலன். வேகஸ் வழி என்றால் இன்னும் நூறு காலனுக்கு மேல் கூடும். வாடகை நிறுவனங்கள் மைலுக்கு இவ்வளவு என்று வேறு வாங்குகிறார்கள்.

இந்தப் பாதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது யுஎஸ் 89 நெடுஞ்சாலை. லோகன் கேனியன் வழியாக பேர் லேக், அங்கிருந்து ஜாக்சன், டீட்டன். யெல்லோஸ்டோனுக்குள் அதற்கு எண் கிடையாது. வடக்கு வாசலில் கார்டினர் ஊரில் மறுபடி எண் வந்துவிடும். லிவிங்ஸ்டன், கிரேட் ஃபால்ஸ், பிரவுனிங், செயின்ட் மேரி. ஏறக்குறைய ஒரே ரோடு. பேர் லேக்கில் ராஸ்பெர்ரி ஷேக் குடிக்காமல் நகராதீர்கள்.

ராத்திரிக் கணக்கு: பேர் லேக் 2, டீட்டன் 4, யெல்லோஸ்டோன் 5, வழியில் கிரேட் ஃபால்ஸ் 1, செயின்ட் மேரி 3, திரும்பி வர 2. பதினேழு.

20 ஜனவரி

"அம்மாவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வழியைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். சால்ட் லேக் 4,200 அடி, பேர் லேக் 5,900, டீட்டன் அடிவாரம் 6,800, யெல்லோஸ்டோன் ஏரி 7,700. படிப்படியாக ஏறும். 2019-இல் நாங்கள் ஃபீனிக்ஸ் வெயிலிலிருந்து நேரே 7,000 அடிக்கு ஏறினோம். இரண்டு நாள் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். யெல்லோஸ்டோனுக்குள் கோடையில் கிளினிக் இருக்கிறது, ஆனால் போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. மேப்பை முதலிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள்.

26 ஜனவரி

யெல்லோஸ்டோனில் தண்ணீர், கரண்ட், கழிவு மூன்று இணைப்பும் உள்ள கேம்ப்கிரவுண்ட் ஒன்றே ஒன்றுதான், ஃபிஷிங் பிரிட்ஜ். கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் துணிக்கூடாரம் கூடாது, கெட்டிச் சுவர் வண்டி மட்டும். ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே புக்கிங் திறந்துவிடுகிறது, அதனால் இப்போது பார்த்தால் நிரம்பியிருக்கும். மனம் தளராதீர்கள். திட்டம் மாறி ரத்து செய்கிறவர்கள் நிறைய. 2023-க்கு நான் தினம் காலை காபியோடு பார்த்து, ஒரு ராத்திரி, இன்னொரு வாரம் இரண்டு ராத்திரி என்று ஒட்டுப்போட்டு மூன்று சேர்த்தேன். நடுவில் ஒருமுறை இடம் மாற வேண்டியிருந்தது, பரவாயில்லை. மீதி இரண்டு ராத்திரிக்கு கார்டினரில் தனியார் ஆர்வி பார்க்.

பேரைக் கேட்டுவிட்டு உங்கள் பையன் தூண்டிலோடு வந்துவிடப் போகிறான். அந்தப் பாலத்திலிருந்து மீன்பிடிக்க 1973 முதல் தடை. என் மகனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் பாலத்தின் மேல் நின்று, கீழே நீந்தும் மீனை எண்ணினான்.

2 பிப்ரவரி

சமையல். இதற்குத்தான் நிறையப் பேர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கும் பிடித்த பேச்சு.

ஏரிக்கரையில் 7,700 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்தால் கொதிக்கும், குதிக்கும், வேகாது. 2019-இல் இடம் இல்லை என்று குக்கரை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்தும் சாம்பாரில் பருப்பு பருப்பாகவே நின்றது, கேஸ்தான் போனது. குக்கர் கட்டாயம். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து. அரிசியை அரை மணி ஊறவையுங்கள்.

வண்டியில் மூன்று பர்னர் அடுப்பு, புரொபேன். தாளித்தால் புகை அலாரம் அலறும். கூரையில் இருக்கும் காற்றாடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கடுகைப் போடுங்கள். மிளகாய் தாளிப்பு என்றால் வெளியே சின்ன அடுப்பு நல்லது. ஆனால் யெல்லோஸ்டோனிலும் கிளேசியரிலும் சமைத்து முடித்த கையோடு அடுப்பு, எண்ணெய், குப்பை, கழுவாத கரண்டி எல்லாம் வண்டிக்குள் போய்விட வேண்டும். ஐந்து நிமிஷம்தானே என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. மனிதச் சாப்பாட்டு ருசி பழகிய கரடி திரும்பத் திரும்ப ஆட்களைத் தேடி வரும், கடைசியில் அதைக் கொல்லும்படி ஆகிவிடும்.

நடைமுறையில் எங்களைக் காப்பாற்றியது கட்டுச்சோறுதான். அம்மா ஊரிலிருந்து புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். காலையில் குக்கரில் சாதம் வைத்து, கிளறி, டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். மதியம் எந்த நீரூற்றுப் பக்கம் நின்றாலும் புளியோதரை, சிப்ஸ், தயிர்.

3 பிப்ரவரி

மாவு: குளிரில் புளிக்காது. ஏரிக்கரையில் ஜூலையிலும் இரவு 5 டிகிரி வரை இறங்கும். 20 மணி நேரம் வைத்தும் அசையவில்லை. இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கரில் தயிர் பட்டனைப் போட்டு வைத்தால் பொங்கும், ஆனால் கரண்ட் இணைப்பு இருக்கும் இடத்தில்தான்.

கரண்ட் பற்றி ஒன்று. 25 அடி வண்டிக்கு வருவது பெரும்பாலும் 30 ஆம்ப், மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போது மிக்ஸி போடலாம். மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். சட்னி நேரத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள்.

9 மார்ச்

டேங்க் கணக்கு. வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம்.

எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் 40 காலன், 150 லிட்டர். ஆறு பேர் வீட்டுப் பழக்கத்தில் குளித்தால் ஒரே காலையில் காலி. கேம்ப்கிரவுண்டில் குளியலறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பாத்திரமும் கையும் கழுவின தண்ணீர் ஒரு டேங்க், கழிவறை வேறு டேங்க். நம் ஆட்கள் கக்கூஸில் சொம்பு வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், ஊற்றத்தான் வேண்டும். அந்த டேங்க் சீக்கிரம் நிரம்பும், மூன்று நாளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டியிருக்கும். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. தண்ணீர் குறைவாக விட்டால்தான் கீழே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். பெரியவர்களிடம் "தண்ணியைச் சுருக்குங்க" என்று இந்த விஷயத்தில் மட்டும் சொல்லாதீர்கள்.

காலி செய்யும்போது முதலில் கழிவறை டேங்க், அப்புறம் மற்றது. பாத்திரத் தண்ணீர் பின்னால் ஓடி வந்து குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முழு இணைப்பு உள்ள இடத்தில் கழிவறை வால்வைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், மற்றது தங்கிவிடும்.

10 மார்ச்

கழிவறை டேங்கில் போடும் மாத்திரை, கழிவறைக் காகிதம் பற்றிக் கேட்டவருக்கு: சீக்கிரம் கரையும் ஆர்வி காகிதம், வாடகைக்காரர்கள் கொடுக்கும் மாத்திரை, போதும்.

6 ஏப்ரல்

80 டாலர் வருடாந்திர பாஸ் வாங்கச் சொல்லி வேறொரு இழையில் எழுதியிருந்தேன். மூன்று பார்க்குக்கும் வண்டிக்கு 35 வீதம் 105 ஆகும், அதனால் பாஸ் லாபம் என்று கணக்குச் சொன்னேன். கணக்கு சரி, ஆனால் உங்கள் மூத்த பிள்ளையை மறந்துவிட்டேன். இப்போது நான்காம் வகுப்பு என்கிறீர்களே! நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 31 வரை இலவச பாஸ் உண்டு, கூட வண்டியில் வரும் எல்லோருக்கும் செல்லும். இணையத்தில் எடுத்துக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோங்கள், போனில் காட்டினால் ஏற்க மாட்டார்கள். பிள்ளை கையாலேயே வாசலில் கொடுக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியை உள்ளே கூட்டிப்போவது அவன்தான் என்று அவனுக்குத் தெரியட்டும்.

62 வயதுக்கு மேலுள்ளவர்களுக்கான பாஸ் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்குக் கிடையாது.

22 ஜூன்

வண்டி எடுக்கும் நாள் அவசரப்படாதீர்கள். 2019-இல் எங்களுக்குக் கொடுத்த வண்டியில் ஃபிரிட்ஜ் குளிரவே இல்லை. முதல் நாள் ராத்திரியே போட்டுவைத்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கேஸில் ஓடும் வகை அது, குளிர அரை நாளுக்கு மேல் பிடிக்கும். வண்டி சாய்வாக நின்றாலும் சரியாக வேலை செய்யாது. நாங்கள் கொண்டுபோன மாவு ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டுவதற்குள் பொங்கி வழிந்தது.

ஒப்படைக்கும் ஆளை நிற்கவைத்து எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உள்ளும் வெளியும் கூரையும் வீடியோ எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நீளமான எண்ணின் கடைசி நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருஷம் என்று சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம், அவ்வளவு பழைய டயர் வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். வண்டி உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்புறம் ஒரு காலி பார்க்கிங்கில் அரை மணி ஓட்டிப் பழகுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, நீங்கள் வலது திரும்பும்போது இடது பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்கள் அதற்குத்தான் காத்திருக்கும்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். கியர் கம்பியில் டோ ஹால் பட்டன் இருக்கும். அதைப் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், சத்தம் பெரிதாக வரும், பயப்பட வேண்டாம். லிவிங்ஸ்டன் பக்கம் காற்று அடிக்கும். ரொம்ப அடித்தால் ஓரமாக நின்றுவிடுங்கள்.

ஓடும்போது பாட்டி பின்கட்டிலில் படுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் பெல்ட்.

23 ஜூன்

மறந்துவிட்டேன்: ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோலிலிருந்துதான் ஓடும். கால் டேங்குக்குக் கீழே போனால் தானே நின்றுவிடும். உங்களை நடுக்காட்டில் மாட்டவைக்காமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ராத்திரி பூரா திருகிக்கொண்டிருக்காதீர்கள்.

29 ஜூன்

கிளம்ப மூன்று வாரம் இருக்கிறது. பட்டியலில் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்கிறீர்கள். சேர்க்க வேண்டியது மடக்கு நாற்காலி மட்டும். இரண்டு வாங்குங்கள்.

2019-இல் யெல்லோஸ்டோனின் ஹேடன் வேலியில் சாயங்காலம் நின்றோம். ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது காட்டெருமைக் கூட்டம், கன்றுகளோடு. ஜூனில் கன்று செம்மண் நிறத்தில் இருக்கும், தாய் கரும்பழுப்பு. அப்பா மேலூர்ப் பக்கம் மாடு வைத்துப் பிழைத்த குடும்பம். "எல்லாம் செவலைக் கன்னா இருக்கே" என்று ஆரம்பித்தவர், எது முதல் ஈற்று, எந்தக் கன்றுக்குப் பால் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். ஊரைவிட்டு வந்த பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாமாம்மா?" என்றார். வெஸ்ட் யெல்லோஸ்டோனில் ஆர்வி பார்க் ஆபீஸ் மூடிவிடும் என்று கிளப்பிவிட்டேன். வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

2023-இல் திட்டம் போடும்போது முதலில் எழுதியது அந்த இடத்தைத்தான். ஃபிஷிங் பிரிட்ஜிலிருந்து பக்கம். காலை ஆறரைக்குப் போய் வண்டியை ஓரம் கட்டி, நாற்காலி போட்டோம். ஜூலை கடைசி, கன்றெல்லாம் நிறம் மாறிவிட்டது, காளைகள் முட்டிக்கொள்ளும் பருவம். உறுமல் வயிற்றுக்குள் கேட்டது. அப்பா பதினொன்று வரை எழுந்திருக்கவில்லை. அம்மா உள்ளே காபி போட்டு ஜன்னல் வழியாக நீட்டினாள். எங்கள் வண்டிக்கு அப்பா வைத்த பேர் பாண்டியன் எக்ஸ்பிரஸ். அன்றைக்கு மட்டும் "இன்னைக்கு வண்டி லேட்டுன்னு சொல்லிடு" என்றார்.

காட்டெருமையிடமிருந்து 25 கஜம், கரடி ஓநாயிடமிருந்து 100 கஜம் தள்ளி இருக்க வேண்டும். அது நிற்கிறதே என்று கிட்டே போகாதீர்கள், ஓடினால் மனிதனைவிட மூன்று மடங்கு வேகம்.

17 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் திரும்பிவிட்டார், படங்கள் போட்டிருக்கிறார். சந்தோஷம். இரண்டு இடத்தில் என் பேச்சு தப்பாகிவிட்டது, பதிவு செய்துவிடுகிறேன்.

ஒன்று, 25 அடி. ஐந்து பேரோடு போன என் அனுபவத்தில் சொன்னேன். ஆறு பேருக்கு, செயின்ட் மேரியில் ஒரு நாள் முழுக்க மழை பெய்தபோது, மேசையைக் கட்டிலாக்கினால் உட்கார இடமில்லை, கட்டிலாக்காவிட்டால் தாத்தா படுக்க இடமில்லை என்று ஆகிவிட்டதாம். ஆறு பேர் என்றால் 28 அடி எடுங்கள். இந்த மூன்று பார்க்கில் அந்த மூன்று அடியால் இழக்கும் பாதை எதுவும் இல்லை, கேம்ப்கிரவுண்ட் இட அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, டீட்டனில் நாலு ராத்திரி அதிகம் என்று சொல்கிறார். ஒன்றைக் குறைத்து வடக்கு யெல்லோஸ்டோனில், லமார் பக்கம் வைத்திருக்கலாமாம். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஜென்னி ஏரியில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்த அந்த நாலாவது நாளில் எடுத்த படத்தைத்தான் அவர் மேலே முதலில் போட்டிருக்கிறார்.

யெல்லோஸ்டோனில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றின் பார்க்கிங்கில் ஒன்பது மணிக்கு மேல் ஆர்விக்கு இடமே கிடைக்கவில்லை என்கிறார். ஆமாம். அங்கே முதல் ஆளாகப் போய்விட வேண்டும், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் நீரூற்றுக்குப் பார்க்கிங் பெரிய மைதானம், மதியம் போனாலும் இடம் இருக்கும்.

7 டிசம்பர்

அடுத்த வருஷம் போகிறவர்கள் கவனிக்க. 2026 ஜனவரி 1 முதல் 80 டாலர் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதே பாஸ் 250. பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டுக்காரர்கள், 16 வயதும் அதற்கு மேலும், 11 பெரிய பார்க்குகளில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் மூன்றும் அந்தப் பதினொன்றில் இருக்கின்றன. ஸயானும் பிரைஸும்கூட. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இதைக் கணக்கில் சேருங்கள்.

ஜனவரியில் நான் எழுதிய ஸயான் குகைப்பாதைக் கதையும் பழசாகிறது. 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளை அந்த ரோட்டிலேயே விடப்போவதில்லை. 15 டாலர் கட்டி நடு ரோட்டில் போகும் வழியும் இல்லை. 11 அடி 4 அங்குல உயரம், 7 அடி 10 அங்குல அகலம், 35 அடி 9 அங்குல நீளம், இவற்றில் ஒன்று மீறினாலும் சுற்றித்தான் போக வேண்டும். வாடகை ஆர்வியில் ஏறக்குறைய எல்லாம் உயரத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

8 டிசம்பர்

ஃபிரிஸ்கோக்காரர் மறுபடி கேட்கிறார்: விட்டுவைத்த யூட்டாவை ஏப்ரல் நடுவில் பார்க்கலாமா, ஒன்பது நாள், நாலு பேர், அப்பா அம்மா ஊருக்குப் போய்விட்டார்கள்.

பார்க்கலாம். ஸயான் 3, பிரைஸ் 2, கேபிடல் ரீஃப் 3, மொத்தம் எட்டு ராத்திரி. மோவாப் வேண்டாம், தனியாக வாருங்கள். கேபிடல் ரீஃபுக்குள் ஃப்ரூட்டாவில் பழத்தோட்டத்துக்கு நடுவிலேயே கேம்ப்கிரவுண்ட், மரங்கள் பூத்திருக்கும் காலம். பிரைஸ் 8,000 அடி, ஏப்ரலில் ராத்திரி தண்ணீர் உறையும். படுக்கும் முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, வடியவிட்டு, வண்டிக்குள் சுருட்டி வைத்துவிடுங்கள்.